குடைக்காரர் கட்டிய சுவர்

கடலைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது குடைக்காரரின் உறுதியான கருத்து. பிறந்தது கடற்கரையில், நடை பழகியது மணலில், முதல் பல் விழுந்ததும் அதே மணலில்தான். அப்பா விட்டுப்போன கடையில் நிழற்குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விட்டு, கடலில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு நல்ல தண்ணீர்க் குழாயும் உடை மாற்ற நாலு தடுப்பறைகளும் வைத்துப் பிழைக்கிற மனிதர். கடற்கரை வியாபாரிகள் சங்கத்தின் தலைவர் வேறு. போட்டியிட யாரும் முன்வராததால் கிடைத்த பதவிதான். ஆனாலும் தலைவர் தலைவர்தானே.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். கடல் ஒழுங்காக நடந்துகொள்ளும் மாதங்களில் மட்டும்தான் இவர் கடலைப் பார்த்திருக்கிறார். காற்று மாறி அலை பெரிதாகத் தொடங்கும் வாரத்தில் குடைகளை மடக்கி, நாற்காலிகளை அடுக்கி, கடையையும் மாடி வீட்டையும் பூட்டிக்கொண்டு மனைவியோடு தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். தங்கை வீடு கடலிலிருந்து வெகுதூரத்தில், உப்புக்காற்று எட்டாத ஊரில் இருந்தது. அப்பா காலத்திலிருந்தே குடும்பத்துக்கு இந்தப் பழக்கம். எல்லாம் அடங்கிய பிறகுதான் திரும்புவார்கள். ஆக, கடலை நம்பியே வயிறு வளர்த்த குடும்பம், கடல் வேலை பார்க்கும் மாதங்களில் அதன் முகத்தையே பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஓர் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே யாரும் வேலை செய்வதில்லை என்று சொல்வதைப் போன்ற அறிவு இது.

திரும்பி வரும்போதெல்லாம் கடைக்கு முன்னால் மணல் அகலமாக, மழமழவென்று, புதுப்பாய் விரித்தாற்போல் கிடக்கும்.

"பாத்தியா? நாம இல்லாதப்போ யாரும் மிதிக்கல. அதான் நிம்மதியா வளந்திருக்கு" என்பார் மனைவியிடம்.

மணல் வளரும் சமாச்சாரம் இல்லை என்பது மனைவிக்குத் தெரியும். ஆனால் பூட்டிக்கிடந்த வீட்டில் பூஞ்சை பிடித்த மெத்தைகளை வெயிலில் போடுகிற நேரத்தில் புருஷனோடு விஞ்ஞானம் பேச யாருக்குப் பொறுமை இருக்கும்?

சிக்கல் அதற்குப் பிறகுதான். கடை திறந்து வியாபாரம் சூடுபிடிக்கப் பிடிக்க, அந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகரும். தெற்கே இருந்தது தம்பியின் இடம்.

தம்பி துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடுகிறவன். தகரக் கூரை போட்ட படகுக் கொட்டகை, அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் வீடு. அப்பா போன பிறகு பாகம் பிரித்தபோது, எல்லைக் கம்பை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டான் என்று அண்ணன் சொல்ல, கம்பு நின்ற இடத்தில்தான் நிற்கிறது, அண்ணன்தான் தள்ளி நிற்கிறார் என்று தம்பி சொல்ல, அன்றோடு பேச்சு அறுந்தது. அதன் பிறகு பல வருடமாக இருவரும் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கும் கலையில் நன்றாகத் தேறிவிட்டார்கள்.

அண்ணன் கடைக்கு வடக்கே வேறு கடை கிடையாது. அங்கே கடலுக்குள் நீண்ட ஒரு பாறை முனை. அதன் நுனியை விட்டு விலகி, கடலுக்குள் தன்னந்தனியாக ஒரு தூண்பாறை நின்றது. ஒரு காலத்தில் அது முனையோடு சேர்ந்துதான் இருந்ததாம். அலை அதன் இடுப்பைக் குடைந்து ஓட்டை போட்டு வளைவாக்கி, வளைவின் முதுகும் ஒரு நாள் இடிந்து விழ, நுனி மட்டும் தனியாகிவிட்டது. ஊரார் அதற்கு 'கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். குடைக்காரருக்கு அந்தப் பாறையை ஏனோ பிடிக்கும்.

கரை மொத்தத்தில் தேய்ந்துகொண்டே வந்ததால், நகராட்சி ஒரு கல்சுவர் போடத் தீர்மானித்தது. கரையிலிருந்து கடலுக்குள் நேராக நீளும் சுவர். நகரும் மணலை மறித்து நிறுத்துவது அதன் வேலை. எந்த இடத்தில் போடுவது என்று சங்கத்தைக் கேட்டார்கள். சங்கம் என்றால் தலைவர். தலைவருக்குப் பதில் தயாராக இருந்தது.

"எனக்கும் அந்த உத்தமனுக்கும் நடுவுல போடச் சொல்றேன்" என்றார் தங்கை புருஷனிடம். "என் மணல் என்கிட்டயே இருக்கட்டும்."

மாப்பிள்ளை கால்வாய் இலாகாவில் பொறியாளர். ஒரு வாரம் லீவில் குடும்பத்தோடு வந்திருந்தவர், மச்சானின் வேகத்தைப் பார்த்துக் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவசரப்படாதீங்க மச்சான். அலை நேரா வர்றதில்ல, சாஞ்சு வருது. ஏறும்போது மணலைச் சாய்வா ஏத்தும். இறங்கும்போது நேரா இழுத்துக்கும். அடுத்த அலை மறுபடி சாய்வா ஏத்தும். இப்படியே மணல் கரையோரமா நடந்துக்கிட்டே இருக்கும். எந்தப் பக்கமா நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் சுவரு போடலாம்."

"தெக்க தான் நடக்குது. கண்ணு முன்னாடி தெரியுதே."

"இப்ப தெக்க போகுது. வருஷம் பூரா அப்படியான்னு பாக்கணும். ஒரு முழு வருஷம்."

"ஒரு வருஷமா? அதுக்குள்ள அவன் என் மணல்ல மாடி கட்டிருவான். வேற வழி சொல்லுங்க."

வாய் தவறி மாப்பிள்ளை ஆரஞ்சுப் பழக் கதையைச் சொல்லிவிட்டார். படித்த காலத்தில் கடலோரப் பயிற்சிக்குப் போனபோது தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்க ஆரஞ்சுப் பழங்களைத்தான் வீசுவார்களாம். பழம் தண்ணீரில் முக்கால்வாசி முழுகி மிதப்பதால் காற்று தள்ளாது, நீரோட்டம்தான் கொண்டுபோகும்.

அவ்வளவுதான். மறுநாள் காலை குடைக்காரர் கூடையோடு கடலுக்குள் இடுப்பளவு இறங்கிவிட்டார். பழங்களை ஒவ்வொன்றாக வீசிவிட்டுக் கரையேறி, துண்டைப் பிழிந்துகொண்டே நடந்தார். பழங்கள் வரிசையாக, சொல்லிவைத்தாற்போல், தெற்கே மிதந்துபோய்த் தம்பியின் படகுகளுக்கு முன்னால் ஒதுங்கின. தம்பியின் பிள்ளைகள் ஓடிவந்து பொறுக்கி, அங்கேயே உட்கார்ந்து உரித்துத் தின்றார்கள்.

"பாருங்க! பழத்தைக்கூட விடல. குடும்பத்தோட திங்குறானுங்க" என்றார் குடைக்காரர் வெற்றிக் களிப்போடு.

"மச்சான், இது இன்னிக்குக் காலையில உள்ள கணக்கு" என்றார் மாப்பிள்ளை. "காத்து மாறுனா..."

"எத்தனை வருஷமா இந்தக் கடலோட குடித்தனம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

குடித்தனம் நடத்துகிறவர் வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை என்பதை மாப்பிள்ளை சொல்லவில்லை. பெண் எடுத்த வீட்டில் ஓரளவுக்கு மேல் வாய் திறக்க முடியாது.

லாரிகள் வந்தன. கிரேன் வந்தது. ஆள் உயரக் கற்கள் தொம் தொம்மென்று கடலில் இறங்கின. குடைக்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே மேற்பார்வை பார்த்தார். எல்லையில் தம்பி வந்து நின்றதைக் கடைக்கண்ணால் கவனித்தார். தம்பி இரண்டடி முன்னால் வந்தான். தொண்டையைச் செருமினான்.

"ண்ணா..."

குடைக்காரர் சட்டென்று கிரேன் ஓட்டுநர் பக்கம் திரும்பி, "அந்தப் பெரிய கல்லை இன்னும் கொஞ்சம் தெக்கால போடுப்பா! நல்லா நெருக்கி!" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தபோது தம்பி போய்விட்டிருந்தான். வயிற்றெரிச்சலில் கெஞ்ச வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது. சாப்பிடும்போது மனைவியிடம் இரண்டு முறை சொன்னார்.

"கூப்பிட்டா என்னன்னு கேக்க வேண்டியதுதானே. வாயில இருந்து முத்தா உதிந்துரும்?" என்றாள் அவள்.

அந்தப் பருவம் முழுக்க சுவர் சொன்னபடி கேட்டது. தெற்கே போகிற மணல் சுவரில் முட்டி, அண்ணன் பக்கமே தங்கியது. குடைக்காரர் கூடுதலாக ஒரு வரிசை நாற்காலி போட்டார். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "படிப்பு வேற, பட்டறிவு வேற" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மறுமுனையில் மாப்பிள்ளை உம் கொட்டியபடி ஏதோ கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு காற்று மாறியது. குடைக்காரர் வழக்கம்போல் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வந்த அன்று, பேருந்திலிருந்து இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு கடையைச் சுற்றி முன்பக்கம் போனவர், காலை எடுத்துவைக்கப் போன இடத்தில் தரை இல்லாததால் அப்படியே நின்றுவிட்டார்.

கடை ஒரு களிமண் மேட்டின் மேல் இருந்தது. மேட்டுக்குக் கீழே மணல்வெளி இருக்க வேண்டும். மணல்வெளி இல்லை. அலை நேராக மேட்டின் அடியில் வந்து மோதிக்கொண்டிருந்தது. அடியில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்குக் குடைந்து, மேலே இருந்த மண் பாளம் பாளமாக இடிந்து விழுந்திருந்தது. பாறை முனையிலிருந்து கல்சுவர் வரைக்கும் கரை மொத்தமும், யாரோ வாய் நிறையக் கடித்துவிட்டுப் போன பிஸ்கட் போல உள்வளைந்து கிடந்தது. கடையின் முன் வராந்தாவில் பாதி அந்தரத்தில் தொங்கியது. நாலு தடுப்பறைகளில் மூன்று காணோம். நாலாவதில் கதவு மட்டும் சட்டத்தோடு நின்றது. பூட்டிவிட்டுப் போன பூட்டு அப்படியே தொங்கியது, கதவுக்குப் பின்னால் அறை கிடையாது.

சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே மணல் சுவரின் நுனி வரைக்கும் முட்டி நிரம்பி, முக்கோணமாகக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு பரந்து கிடந்தது. தம்பியின் படகுகள் அதன் மேல் சோம்பலாகச் சாய்ந்திருந்தன. குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு மணல்வெளியை அவர் அப்பா காலத்தில்கூடப் பார்த்ததில்லை.

மனைவி பின்னால் வந்து நின்றாள். பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லா வளந்திருக்குங்க, மணல்" என்றாள்.

அவர் கடைத் தரையை எட்டிப் பார்த்தார். இந்தக் கடையின் தரைக்குச் சிவப்பு ஓடு பதித்த நாளில் அவரும் அவளும் முழங்காலில் உட்கார்ந்து, கூலியாள் வைக்காமல், ஒவ்வொரு ஓடாகத் தட்டி வைத்தவர்கள். மாடியில் குடியிருக்கும் இரண்டு அறையும் அந்தத் தரையின் மேல்தான் நிற்கின்றன. அது போனால் போய் நிற்க இடம் இல்லை.

அடுத்த நாள் கதை இன்னும் மோசமானது. சங்கத்தின் செயலாளர் சோடாக்காரர் ஓட்டமாக ஓடிவந்து, குடைக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தலைவரே! உங்களை என்னமோன்னு நினைச்சிருந்தேன். தம்பி கொட்டாயைக் காப்பாத்த உங்க கடையையே கடலுக்குத் தாரை வாத்துட்டீங்களே! இந்த மனசு யாருக்கு வரும்?"

குடைக்காரர் வாயைத் திறந்தார். என்ன சொல்வது? நான் அவனைக் கெடுக்கத்தான் கட்டினேன், என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்றா? வாயை மூடிக்கொண்டார். அந்த மௌனத்தைச் சோடாக்காரர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் கடற்கரைச் சாலை முழுக்கப் பேச்சு பரவியது. மறுநாள் சோடாக் கடை வாசலில் துணிப் பதாகை கட்டிவிட்டார்கள்: 'தம்பிக்காகத் தரை தந்த தலைவர்.' இதுவரை இவர் பக்கம் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். ரொட்டிக் கடையில் கிழவி ஒருத்தி இவர் தலையைத் தொட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகானாக இருப்பது முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது நாள் வராந்தாவில் இன்னும் ஒரு துண்டு விழுந்தது.

மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். மேட்டின் அடியில் இறங்கிப் பார்த்தார், சுவரின் நுனி வரை நடந்து பார்த்தார். நான்தான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. அதற்காகவே குடைக்காரருக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது.

"மணல் பெரும்பாலும் தெக்க இருந்து வடக்க தான் வருது மச்சான். கடல் கொந்தளிக்கிற மாசத்துல. பாறை முனையில முட்டி உங்க வாசல்ல தங்கும். நல்ல மாசத்துல அதுல கொஞ்சூண்டு திரும்பிப் போகும். நீங்க பாத்தது அந்தக் கொஞ்சூண்டை. வர்ற வழியில சுவரை வெச்சு அடைச்சாச்சு. அலைக்கு மணல் கிடைக்கலன்னா மேட்டைத் தின்னும். அடியை அரிச்சா மேல தானா விழும்."

"இப்ப என்ன பண்றது?"

"கரையோரக் கல்லைப் பிரிச்செடுத்து வழி விடலாம். காத்து மாறுறதுக்குள்ள செஞ்சா, அந்தப் பக்க மணல் இந்தப் பக்கம் வரும். உங்க கடை தப்பும்."

"செய்ய வேண்டியதுதானே!"

மாப்பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "தம்பி கொட்டாய் தாழ்வான இடத்துல இருக்கு. தெக்க இருந்து முன்ன மாதிரி மணல் வர்றதில்ல. இருக்கறதும் இங்க வந்துட்டா, அவன் வீட்டுக்குள்ள அலை பூந்துரும்."

"ரெண்டையும் காப்பாத்த ஒரு வழி இருக்கும்ல?"

"ரெண்டு பேருக்கும் போதுமான மணல் இந்தக் கரையில இல்ல மச்சான்."

சுவர் இருக்கட்டுமா, பிரிக்கலாமா என்று சங்கத் தலைவரே சொல்லட்டும் என்று நகராட்சி விட்டுவிட்டது. சோடாக் கடையின் பின்கட்டில், காலிப் பாட்டில் பெட்டிகளுக்கு நடுவே கூட்டம் நடந்தது. நகராட்சிப் பொறியாளர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். தம்பி கதவோரமாகத் தலை குனிந்து நின்றான்.

குடைக்காரர் முந்தைய நாளே முடிவு செய்துவிட்டார். மகான் பட்டத்தோடு சுவரைப் பிரி என்று சொல்ல முடியாது. பட்டத்தைக் கழற்றிவிட்டால் தாராளமாகச் சொல்லலாம். எழுந்து நின்று போட்டு உடைத்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நான் தம்பிக்காக எதுவும் செய்யல. அவன் நாசமாப் போகணும்னுதான் சுவரு போடச் சொன்னேன். கணக்கு தப்பி என் பக்கம் திரும்பிருச்சு. அவ்வளவுதான் விஷயம். சுவரைப் பிரிச்சிருங்க."

சோடாக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"பாத்தீங்களா? தம்பிக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு தன்னையே கெட்டவனாக்கிக்கிறாரு!"

கை தட்டினார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள். குடைக்காரர், "அட முட்டாப் பசங்களா, நிஜமாத்தான்டா சொல்றேன்!" என்று கத்தினார். கைதட்டல் கூடியது. நகராட்சிப் பொறியாளர் குழம்பிப்போய், நாளைக் காலையில் நிதானமாக முடிவைச் சொல்லுங்கள் என்று எழுந்துவிட்டார்.

குடைக்காரர் வெளியே வந்து விறுவிறுவென்று நடந்தார். கால்கள் கல்சுவரின் மேல் கொண்டுபோய் விட்டன. ஒரு பக்கம் தண்ணீர் அறைந்துகொண்டிருந்தது, மறுபக்கம் மணல் சும்மா கிடந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி.

"நீ உள்ள சொன்னது நிஜம்னு எனக்குத் தெரியும்ணா."

ஊரிலேயே தன்னை நம்புகிற ஒரே ஆள் இவன்தான் என்பதில் குடைக்காரருக்குச் சற்று ஆறுதல்கூட ஏற்பட்டது. "எப்பத்துல இருந்து தெரியும்?"

"கல்லு இறக்குனப்பவே. எனக்கு நல்லது செய்றவன்னா முறைச்சுக்கிட்டு நின்னிருப்பே. அன்னிக்கு நீ சிரிச்சுக்கிட்டிருந்தே."

குடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மணல் எந்தப் பக்கம் வந்து நிக்கும்னும் தெரியும்" என்றான் தம்பி.

இது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் குடைக்காரருக்குக் காது வரைக்கும் சூடேறியது.

"தெரிஞ்சுமாடா வாயை மூடிக்கிட்டு நின்னே?"

"சொல்ல வந்தேன். நீ கிரேன்காரன் பக்கம் திரும்பிக்கிட்டே. சரி, நாளைக்கு வந்து சொல்லலாம்னு போயிட்டேன். போற வழியில யோசிச்சேன். சொல்லாம விட்டா என் வீடு நிக்கும். மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல." தம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நானும் நல்லவன் இல்லண்ணா. சுவரைப் பிரிக்கச் சொல்லு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

இவனைப் பிடித்துத் தள்ளிவிட்டால் என்ன என்று குடைக்காரருக்குத் தோன்றியது. ஆனால் அவன் நின்ற பக்கம் முழுக்க மணல். தள்ளினால் மெத்தையில் விழுவதுபோல் விழுவான். அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

"உனக்கெப்படிடா தெரியும்? மாப்பிள்ளை படிச்சவரு, அவருக்கே உறுதியாத் தெரியல. பெரிய மேதாவி நீ!"

"படிக்கறதுக்கு என்ன இருக்கு? கண்ணால பாக்குறதுதானே. காத்து மாறுனா என் கரையை அள்ளிக்கிட்டுப் போய் உன் வாசல்ல கொட்டும். வருஷா வருஷம் பாக்குறேன்."

"எங்க இருந்து பாக்குறே? நீதான் அந்த மாசத்துல மாமனார் வீட்டுல போய் விழுந்து கிடப்பியே."

"மாமனார் வீடா? அவங்களுக்கு இருக்கறதே ஒத்தை ரூமு. நாங்க எங்க போறது?"

"பின்ன?"

"இங்கதான்."

"இங்கன்னா? இந்தக் கொட்டாயிலயா? பிள்ளைங்க?"

"எல்லாரும் இங்கதாண்ணா. வேற எங்க போக? தங்கச்சி வீட்டுல நீ இருப்பியே."

அலை ஒன்று சுவரில் மோதி இருவர் மேலும் தண்ணீர் தெறித்தது. இருவரும் நகரவில்லை.

"வாசல் வரைக்கும் வருமா?"

"உள்ளயே வரும். கதவுக்குப் பின்னால படகைக் குறுக்கச் சாத்தி வெப்போம். சின்னவ விவரம் தெரிஞ்ச முதல் வருஷம் பூரா ஒரு கையால காதைப் பொத்திக்கிட்டேதான் சாப்பிட்டா. இப்பப் பழகிருச்சு. சத்தம் நின்னாத்தான் முழிச்சுக்குவா."

குடைக்காரருக்குத் தங்கை வீட்டு அறை கண்முன் வந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் போடும் தூக்கம். அதே மாதங்களில், அதே நேரத்தில், மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது, மனுஷன் தூங்குவதா வேண்டாமா என்று தங்கையிடம் சண்டை பிடித்திருக்கிறார். போன வருடம் மாப்பிள்ளை அதற்காகவே புது மின்விசிறி வாங்கி மாட்டினார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. சுவர் கட்டியதற்கு வராத வெட்கம், ஊர் கை தட்டியபோது வராத வெட்கம், இப்போது மொத்தமாக வந்து சேர்ந்தது. தம்பியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். எதுவும் கிடைக்காததால், "போடா, போய் வேலையைப் பாரு" என்றார்.

மறுநாள் காலை நகராட்சிப் பொறியாளரிடம், "சுவரு அப்படியே இருக்கட்டும்" என்றார். சோடாக்காரர் மறுபடி கை தட்ட ஆரம்பித்தபோது அவரை முறைத்த முறைப்பில் தட்டிய கை பாதியிலேயே நின்றது.

காற்று மாறும் மாதம் நெருங்கியது. மேடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஆள் அனுப்பி, கடையிலிருந்து குழாய்களையும் கதவுகளையும் கழற்றிச் சோடாக்காரரின் கிட்டங்கியில் போட்டார். குடைகளும் நாற்காலிகளும் தம்பியின் மணலுக்குப் போயின. எங்கே போடுவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, இருக்கும் இடத்தில் போட்டார்கள். மாடி அறைகளில் பாயும் அடுப்பும் இரண்டு தட்டும் மட்டும் மிச்சம்.

ஒரு மத்தியானம் குடைக்காரர் தங்கைக்குப் போன் செய்தார்.

"அந்த ரூமைப் பெருக்கித் துடைச்சு வை. ஆளுங்க வருவாங்க."

"தெரியும்ணா, வருஷா வருஷம் துடைக்கிறதுதானே. எப்ப வர்றீங்க?"

"நாங்க இல்ல. சின்னவனும் அவன் பொண்டாட்டி பிள்ளைங்களும்."

தங்கை மெல்லச் சொன்னாள்: "நான் அவனைக் கூப்பிடாத வருஷம் இல்லண்ணா. அண்ணன் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும், சொல்லாதேன்னுட்டான்."

குடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி வைத்துக்கொண்டார்.

"சின்னவளுக்குச் சத்தம் இல்லாட்டி முழிப்பு வந்துருமாம்" என்றார். "அந்தப் பழைய மின்விசிறியைப் போடு."

"நீ என்னண்ணா பண்ணப்போற?"

"நான் இங்கதான். அவன் வீட்டுல இருந்துக்குறேன். கடல் என்னதான் பண்ணுதுன்னு ஒரு தடவையாவது பாக்க வேணாமா? என் கடை விழும்போது பக்கத்துல நானாவது நிக்கணும்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மனைவி சிவப்புத் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி திறந்தே கிடந்தது. அவள் தன் சேலைகளை அதில் வைக்கவில்லை, தம்பி வீட்டுக்கு எடுத்துப்போகும் பையில் வைத்தாள்.

"நீ தங்கச்சி வீட்டுக்குப் போயேன். மணல் இருந்தாலும் அவன் வீட்டுக்குள்ள பெரிய அலை வருமாம்."

"வரட்டும்" என்றாள் அவள். "உங்களைத் தனியா விட்டுட்டுப் போனா, நான் வர்றதுக்குள்ள இன்னொரு சுவரு கட்டிருவீங்க."

பிறகு கடைசிச் சேலையையும் மடித்து வைத்துவிட்டு, தரையில் பெயர்ந்திருந்த ஓடு ஒன்றை உள்ளங்கையால் அழுத்திச் சரியாகப் பொருத்தினாள்.